வண்டி நிற்க இடம் இருக்கு, ஆள் உட்கார? உத்திரமேரூருக்கு ஏன் வேண்டும் ஒரு பொதுத் திடல்

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்து, மார்க்குக்காக எழுதி, மறந்துபோன பாடம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, இந்த ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு கூகுளில் தேடி, கார் எடுத்துக்கொண்டு, வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வருகிறவர்கள் பார்ப்பது ஒரு மண்டபத்தை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அதன் சுவரில் இருக்கின்றன. ஊர்ச் சபை கூடிய இடம் இதுதான். ஏரியை யார் பார்த்துக்கொள்வது, தோட்டத்தை யார் கவனிப்பது, யார் யார் வாரியத்துக்கு வரலாம், யார் வரக்கூடாது என்றெல்லாம் பேசி முடிவெடுத்த ஊர் இது. அதற்காகவே ஊருக்கு நடுவில் ஒரு பொது இடத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

கல்வெட்டைப் பார்த்தாச்சு, செல்ஃபி எடுத்தாச்சு. அடுத்து? குழந்தையோடு ஒரு பத்து நிமிஷம் நிழலில் உட்காரணும் என்றால் எங்கே போவது? உத்திரமேரூரில் மட்டும் இல்லை, தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, கோயில் முன்னால், கடைவீதி முனையில் காலியாக இருக்கிற ஒவ்வொரு துண்டு நிலமும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டி நிறுத்துகிற இடமாக மாறிவிட்டது. யாரும் கூட்டம் போட்டு எடுத்த முடிவு இல்லை அது. முதலில் ஒருத்தர் நிறுத்தினார், அவரைப் பார்த்து பத்துப் பேர் நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

அந்த இடங்களில் ஒன்றையாவது திரும்ப எடுத்து, மக்கள் உட்காரும், நிற்கும், பேசும் திடலாக மாற்ற வேண்டும். சபை கூடுவதற்காகப் பேர் வாங்கிய ஊரே அதைத் தொடங்கி வைத்தால் பொருத்தமாக இருக்கும்.

‘ஃப்ரீ பார்க்கிங்’ உண்மையில் ஃப்ரீயா?

ஒரு காரைத் திறந்தவெளியில் நிறுத்த, வந்து போகும் வழியையும் சேர்த்து சுமார் 23 சதுர மீட்டர் வேண்டும் என்பது டெல்லி மாஸ்டர் பிளானில் உள்ள கணக்கு. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கான வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். சமையலறையோடு ஒரு குடும்பம் வாழும் இடமும், ஒரு கார் நாள் முழுக்கச் சும்மா நிற்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த இடத்துக்குக் கார்க்காரர் எதுவும் தருவதில்லை, அல்லது பத்து இருபது ரூபாயோடு முடிந்துவிடுகிறது. மீதியை யார் கொடுக்கிறார்கள்? ஊர் கொடுக்கிறது. இதைத்தான் அமெரிக்க நகரத் திட்டமிடல் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-ல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். வண்டி நிறுத்துவது இலவசம் என்றால், வண்டி இல்லாதவரும் சேர்ந்து அதற்குப் பணம் கட்டுகிறார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

வண்டி இல்லாதவர்கள் எத்தனை பேர்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 100 குடும்பங்களில் சுமார் 8 குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. பைக் வைத்திருப்பவர்கள் நிறைய. ஆனால் ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக்குகள் நின்றுவிடும். ஆக, ஊரின் நடுவில் இருக்கும் விலை உயர்ந்த பொது நிலத்தை அதிகம் பிடித்துக்கொள்வது எண்ணிக்கையில் குறைவானவர்கள்தான்.

டீக்கடை பெஞ்ச் யாருக்கு?

‘உட்கார இடமில்லையா? டீக்கடை இருக்கே!’ என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு டீ சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேப்பர் படிக்கலாம், அரசியல் பேசலாம், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த பெஞ்சில் ஒரு பெண் தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். ஊரே திரும்பிப் பார்க்கும்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வந்து போவது முன்பைவிட எளிதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு, தாலுகா ஆபீஸுக்கு, கல்லூரிக்கு, சந்தைக்கு என்று பெண்கள் வருகிறார்கள். வந்த வேலை அரை மணியில் முடிந்துவிடும். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை எங்கே கழிப்பது? மூடிக் கிடக்கும் கடையின் படிக்கட்டில், அல்லது பஸ் ஸ்டாண்ட் தூணில் சாய்ந்து நின்றபடி. பயணத்தை இலவசமாக்கிய அரசு, காத்திருக்கும் நேரத்துக்கு இன்னும் எதுவும் செய்யவில்லை.

முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தைக்காரர்கள், பாக்கெட்டில் காசில்லாத கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கதைதான். எதையும் வாங்காமல், யாரிடமும் கேட்காமல் உட்காரக்கூடிய இடத்துக்குப் பெயர்தான் பொது இடம். பழைய ஊர்களில் ஆலமரத்தடி, சாவடி, மந்தைவெளி என்று அதற்குப் பெயர்கள் இருந்தன. வீட்டுக்கு வெளியே திண்ணை இருந்தது. அவையும் எல்லோரையும் சமமாக உட்கார வைத்தவை இல்லை. சாதி பார்த்தன, ஆண் பெண் பார்த்தன. அதனால் பழசை அப்படியே திரும்பக் கொண்டுவருவது தீர்வாகாது. எல்லோருக்குமான ஒன்றைப் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும்.

பாண்டி பஜாரில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் இந்த முயற்சிக்குப் பெரிய உதாரணம் சென்னை தி.நகர். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில், பாண்டி பஜார் என்று எல்லோரும் சொல்லும் தியாகராய சாலை நடைபாதை வளாகமாக மாற்றப்பட்டது. 2019 நவம்பர் 13 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். சாலையோரம் வரிசையாகக் கார் நின்ற இடத்தில் அகலமான நடைபாதை, பெஞ்சுகள், செடிகள், குழந்தைகள் விளையாடச் சில அமைப்புகள் வந்தன. அதே சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தமும் கட்டப்பட்டது.

முதல் பாடம் நல்ல பாடம். இடம் கொடுத்தால் மக்கள் வருகிறார்கள். ஒரு பொருளும் வாங்காமல், மாலை நேரத்தில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களைப் பாண்டி பஜாரில் பார்க்கலாம். ‘நம்ம ஆளுங்க இதுக்கெல்லாம் பழக மாட்டாங்க’ என்ற வாதம் அங்கே அடிபட்டுப் போனது.

இரண்டாவது பாடம் கொஞ்சம் கசக்கும். அது வாகனமே இல்லாத சாலை ஆகவில்லை. நடுவில் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு சாலையை மட்டும் அழகாக்கிவிட்டு, சுற்றியுள்ள தெருக்களில் வண்டி நிறுத்துவதற்கு ஒழுங்கு செய்யாவிட்டால், நெரிசல் இங்கிருந்து அங்கே இடம் மாறும், அவ்வளவே. பக்கத்துச் சந்தில் இலவசமாக விடலாம் என்றால், கட்டணம் கொடுத்து மாடிக்கு யார் வண்டி ஏற்றுவார்?

மூன்றாவது பாடம் வியாபாரிகள் பற்றியது. வளாகம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2013-ல், பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைக்காரர்கள் நூற்றுக்கணக்கானோர் ஒரு வணிக வளாகத்துக்குள் மாற்றப்பட்டார்கள். நடைபாதையில் போகிற போக்கில் நின்று வாங்கும் வாடிக்கையாளர், படியேறி உள்ளே போய் அதே பொருளை வாங்குவாரா? இடம் மாற்றும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதெல்லாம் ஃபாரினுக்குத்தான் சரி?

இந்த வாதமும் புதிதல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம், 1962 நவம்பரில் தன் முக்கியக் கடைவீதியில் கார்களை நிறுத்தியபோது, கடைக்காரர்கள் கொதித்தார்கள். இத்தாலிக்காரர்கள்தான் தெருவில் உலாத்துவார்கள், நம்ம குளிருக்கும் குணத்துக்கும் இது ஒத்துவராது என்று அங்கேயும் பேசினார்கள். பிறகு, கார் நிறுத்தமாக இருந்த சதுக்கங்களையும் ஒவ்வொன்றாக, பல பத்தாண்டுகளில், மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது அந்த நகரம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடவில்லை. மெதுவாகச் செய்ததால் மக்களும் பழகிக்கொண்டார்கள்.

செலவு அதிகமாகுமே என்பவர்களுக்கு நியூயார்க் ஓர் உதாரணம். 2007-ல் புரூக்ளின் பகுதியில், முக்கோண வடிவில் இருந்த ஒரு சின்ன வண்டி நிறுத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். தரையில் பச்சைப் பெயின்ட் அடித்து, செடித் தொட்டிகளை வேலிபோல வைத்து, நாற்காலி மேசை போட்டார்கள். கட்டடம் இல்லை, கிரானைட் இல்லை. சரிவரவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்கிற மாதிரியான வேலை. அது சரிவந்தது. அதே முறையில் நகரம் முழுக்கத் திடல்கள் வந்தன.

வியாபாரம் படுத்துடாதா?

கடைக்காரர்களின் பயம் நியாயமானது. கடை முன்னால் வண்டி நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம் யாருக்கும் வரும். ஆனால் அந்தப் பயம் பெரும்பாலும் தவறான கணக்கிலிருந்து வருகிறது. பெர்லினில் இரண்டு கடைவீதிகளில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்ன சராசரி 21.6 சதவீதம். வாடிக்கையாளர்களிடமே கேட்டபோது வந்த கணக்கு 6.6 சதவீதம். காரில் வந்து இறங்குகிறவர் கண்ணில் படுகிறார், நடந்து வருகிறவர் படுவதில்லை.

உத்திரமேரூர் பெர்லின் இல்லை, சரி. ஆனால் இங்கே காரில் வருகிறவர்களின் பங்கு பெர்லினைவிட அதிகமாக இருக்கும் என்று நினைக்கவும் காரணம் இல்லை. இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. நாலு கல்லூரி மாணவர்கள், ஒரு சனிக்கிழமை, கடைவீதியில் நின்று எண்ணினால் போதும்.

கம்பெனி பஸ் ஏறுகிறவர் வண்டியை எங்கே விடுவார்?

கடினமான கேள்வி இதுதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு, ஊர் நடுவில் பைக்கை விட்டுவிட்டு பஸ் ஏறுவது சொகுசு இல்லை, பிழைப்பு. கிராமத்திலிருந்து டவுன் வரை பைக், அங்கிருந்து பஸ் என்பதுதான் மாவட்டம் முழுக்க நடைமுறை. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்குத் தன் வண்டி பத்திரமாக இருக்கணும். ‘வண்டிகளை அகற்றுவோம்’ என்று மட்டும் சொல்கிற திட்டம் இவர்களைத்தான் முதலில் அடிக்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் மாற்று இடம், பிறகுதான் திடல். நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு ஊரின் நடு மையம் தேவையில்லை. ஐந்து நிமிட நடையில், வெளிச்சமும் காவலும் உள்ள டூ வீலர் ஸ்டாண்ட் போதும். மாதப் பாஸ் கொடுக்கலாம். பத்து நிமிஷ வேலைக்காக வருகிறவருக்கு மையத்துக்குப் பக்கத்தில் சில இடங்களை விட்டு, நேரத்துக்கு ஏற்ப கட்டணம் வைக்கலாம். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கும், ஆம்புலன்ஸுக்கும், காலையில் சரக்கு இறக்கும் வண்டிக்கும் வழி கட்டாயம் இருக்கணும். டெல்லி சாந்தினி சவுக்கில் 2021 முதல் காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரைதான் மோட்டார் வாகனங்களுக்குத் தடை. சரக்கு வண்டிகள் இரவில் வந்து போகலாம்.

வண்டி நிறுத்தக் குத்தகை ஏலத்தில் வருகிற வருமானம் போய்விடுமே என்று உள்ளாட்சிகள் கவலைப்படலாம். இடம்தான் மாறுகிறது, கட்டணம் போகப்போவதில்லை. இலவசமாக நின்ற கார்களிடமும் வசூலித்தால் வருமானம் கூடவும் செய்யலாம்.

பூக்கடைக்கு இடம் உண்டா?

‘அழகுபடுத்தல்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே தள்ளுவண்டிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். காரணம் இருக்கிறது. வண்டிகளுக்கு முன்னால் முதலில் காலி செய்யப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பூக்கட்டும் அம்மாவும், இளநீர்க்காரரும், சுண்டல் வண்டியும் இல்லாத திடலுக்கு யார் வருவார்கள்? ராத்திரி எட்டு மணிக்கும் அந்த இடத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, பயமில்லாமல் உட்காரலாம் என்ற நம்பிக்கையைத் தருவது சிசிடிவியைவிட அந்தச் சுண்டல் வண்டிதான்.

கல்வெட்டைச் சுற்றி 100 மீட்டர்

உத்திரமேரூருக்கென்று ஒரு தனி விஷயமும் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டத் தடை. அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும்.

இதைப் பலர் தொல்லையாகப் பார்க்கிறார்கள். வேறு மாதிரியும் பார்க்கலாம். அந்த 100 மீட்டருக்குள் இருக்கும் காலி இடத்தில் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வர முடியாது, அடுக்குமாடி பார்க்கிங்கும் வர முடியாது. அது திறந்தவெளியாகத்தான் இருக்கப் போகிறது. அந்தத் திறந்தவெளி வண்டிக்கா, ஆளுக்கா என்பது மட்டும்தான் ஊர் முடிவு செய்ய வேண்டியது. வேம்பும் புங்கையும் நட்டு, அவற்றின் கீழ் உட்காரச் சில பலகைகள் போட, கோடிகள் தேவையில்லை. கத்திரி வெயிலில் கிரானைட் தரையும் ஸ்டீல் பெஞ்சும் சுடும். நிழல் இல்லாத திடலில் பகலில் ஆடுகூட நிற்காது. முதல் செலவு மரத்துக்குத்தான் போகணும். அடுத்தது கழிப்பறைக்கும் குடிநீருக்கும். செயற்கை நீரூற்றும் ‘ஐ லவ் உத்திரமேரூர்’ போர்டும் கடைசியில் வரட்டும், வராமலும் போகட்டும்.

யார் முடிவு செய்வது?

குடவோலை முறையைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அதன் இரண்டு பக்கத்தையும் படிக்க வேண்டும். 30 குடும்புகளிலிருந்து ஓலை எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் பெயரை வாசித்தார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமல்ல, அவர்களின் உறவினர்களும் வர முடியாது என்று விதி வைத்தார்கள். இன்றைக்கும் தைரியம் வேண்டிய விதி அது. ஆனால் அந்தச் சபை பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. வரி கட்டும் சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் அதில் இடம். அந்த ஊரின் வயலில் உழைத்தவர்களின் பெயரும், பெண்களின் பெயரும் குடத்துக்குள் போகவே இல்லை.

இன்றைய குடம் பெரியது. வாக்குரிமை எல்லோருக்கும் உண்டு. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்களும் நடக்கின்றன. கிராமசபை மாதிரி, வார்டு மக்கள் நேரில் வந்து பேசுகிற இடம் அது. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று பேசுகிற அதே கூட்டத்தில், ‘இந்த இடம் யாருக்கு?’ என்ற கேள்வியையும் வைக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 25,000 பேர் வாழும் பேரூராட்சி உத்திரமேரூர். சென்னை மாதிரி ஆலோசனை நிறுவனம் வைத்து, ஆண்டுக்கணக்கில் வரைபடம் போடத் தேவையில்லாத அளவு.

தொடக்கம் இப்படி இருக்கலாம். மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும், மாலை 4 மணி முதல் 9 மணி வரை, ஒரே ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் வண்டி இல்லை. தரைக்குச் சுண்ணாம்புக் கோடு, வாடகை நாற்காலிகள், நாலு விளக்கு. எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை, கடைகளில் வியாபாரம் ஏறியதா இறங்கியதா, வண்டிகள் எந்தத் தெருவுக்குப் போயின என்று எண்ணி, அந்தக் கணக்கைப் பகுதி சபையில் வாசிக்க வேண்டும். சரிவரவில்லை என்றால் நாற்காலியை மடித்து எடுத்துவிடலாம். சரிவந்தால் மரம் நடலாம்.

ஆறாவது மாதம் குப்பையை யார் அள்ளுவது, பெஞ்ச் உடைந்தால் யார் சரி செய்வது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். திறப்பு விழா பேனர் கிழியும் முன்பே பாழாகிப்போன பூங்காக்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் வைத்து, 360 நாள் பொறுப்புக் கொடுத்து, கணக்குக் கேட்ட ஊர் இது. ஒரு திடலுக்கு ஒரு குழு வைப்பது இந்த ஊருக்குப் பெரிய வேலை இல்லை.